துனிஸியப் பின்னல்

கூடத்து மேஜை விரிப்பு, நாற்காலி முதுகில் போட்ட வெள்ளை நூற் சதுரம், ஒரு காலத்தில் ரேடியோப் பெட்டிக்குப் போட்டிருந்த உறை ஆகியவற்றைப் பார்த்து வளர்ந்தவர்களுக்குக் குரோஷா ஊசியைப் பற்றி நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. கம்பளிச் சட்டை பின்னும் இரட்டை ஊசிகளும் பலருக்குப் பழக்கமானவையே. இவ்விரண்டு வித்தைகளுக்கும் நடுவில், ஒன்றிடம் கொக்கியையும் மற்றொன்றிடம் நடையையும் கடன் வாங்கிக் கொண்டு, மூன்றாவது வித்தை ஒன்று இருக்கிறது. அதற்குத் துனிஸியக் குரோஷா என்று பெயர். குரோஷா அறிந்தவர்கள் ஒரே மாலையில் இதன் முதற் பாடத்தைக் கற்றுவிடலாம். குரோஷாவே அறியாதவர்களும் கற்கலாம். சொல்லப்போனால், பழைய பழக்கம் குறுக்கிடாத காரணத்தால், அவர்களுக்கு ஒரு விதத்தில் சௌகரியம் அதிகம்.

1850-களின் இறுதியில் இங்கிலாந்தில் அச்சான கைவேலைப் புத்தகங்களில் இது 'திரிகோ' என்ற பெயரால் தலைகாட்டிற்று. பிரெஞ்சு மொழியில் அச்சொல் ஊசிப் பின்னலைக் குறிப்பது. ஆகையால் குழப்பம் பெயரிலேயே ஆரம்பமாகிவிட்டது. பிறகு இதற்குச் சூட்டப்பட்ட நாமங்களுக்கோ கணக்கில்லை. ராஜகுமாரிப் பின்னல் என்றார்கள். இடையர் பின்னல் என்றார்கள். ரயில்பாதைப் பின்னல் என்றும் ஒரு பெயர் உண்டு. அமெரிக்காவில் கம்பளிப் போர்வைக்கு 'ஆப்கன்' என்று பெயர். அப்போர்வைக்கு ஏற்ற பின்னலாதலால் இதுவும் ஆப்கன் பின்னலாயிற்று. ஜப்பானியர் இன்றைக்கும் அவ்வாறே அழைக்கிறார்கள். செய்வதற்கு எளிது என்பதைக் குறிக்க முட்டாள் பின்னல் என்று பெயர் வைத்த புண்ணியவான்களும் உண்டு. அவர்கள் முதல் நான்கு வரிசைகளோடு நிறுத்திக் கொண்டவர்களாக இருக்க வேண்டும் என்பது நம் அபிப்பிராயம்.

ஆஸ்திரியாவில் பிறந்து, மூலூஸ் நகரத்து நூல் வியாபாரக் கம்பெனியோடு சேர்ந்து பணியாற்றிய தெரேஸ் த தில்மான் என்னும் அம்மையார், 1886-ல் தாம் வெளியிட்ட கைவேலைக் களஞ்சியத்தில் குரோஷா அத்தியாயத்தோடு துனிஸியப் பின்னலையும் சேர்த்து விளக்கினார். பல பாஷைகளில் வெளியான புத்தகம் அது.

துனிஸியா தேசத்தில்தான் இது பிறந்தது என்பதற்குச் சான்று எதுவும் காட்டப்படவில்லை. அந்நாட்டுக்கென்று சொந்தமான பின்னற்கலை வேறு. 'ஷஷியா' என்ற சிவப்புக் குல்லாயை அங்கே பெண்கள் முதலில் வெள்ளைக் கம்பளியில் ஊசிகளால் பெரிதாகப் பின்னுவார்கள்; பிறகு அது நீரில் துவைத்து இறுக்கப்பட்டு, சீவப்பட்டு, சாயந்தோய்ந்து, அச்சில் ஏறிக் குல்லாயாகும். துனிஸ் நகரத்துப் பழைய கடைவீதியில் இத்தொழிலுக்கென்றே தனித் தெரு இருக்கிறது. பிரான்ஸ் தேசம் 1881-ல் துனிஸியாவைத் தன் ஆதிக்கத்தில் கொண்டுவந்தது. 1956 வரையில் விடவில்லை. ஐரோப்பியப் பெண்மணிகள் தங்கள் கூடத்தில் உட்கார்ந்து செய்த வேலைக்கு ஒரு கீழ்த்திசைப் பெயர் கிடைத்தது. உண்மையான துனிஸியக் கைவேலைக்காரிகளின் பெயரை உலகம் அறியாது. பண்டங்களுக்குப் பெயர் வரும் வழி பெரும்பாலும் இப்படித்தான்.

நிற்க. கொக்கிக்கு வருவோம்.

சாதாரணக் குரோஷா ஊசி குட்டையாகவே இருக்கும். நடுவில் கட்டைவிரல் வைக்கத் தட்டையாக ஓர் இடமும் இருக்கும். துனிஸியக் கொக்கியோ பத்து முதல் பதினான்கு அங்குல நீளம். தலை முதல் வால் வரை ஒரே பருமன். வாலில் ஒரு குமிழ். ஏன் இவ்வளவு நீளம் எனில், சாதாரணக் குரோஷாவில் ஒவ்வொரு கண்ணியையும் அவ்வப்போதே முடித்துவிட்டு அடுத்ததற்குப் போகிறோம். கொக்கியில் எப்போதும் ஒரு கண்ணிதான் மிஞ்சும். இங்கே ஒரு வரிசை முழுவதற்கும் உரிய கண்ணிகள் கொக்கியின்மேல் வரிசையாக ஏறி உட்கார வேண்டும். அவை நழுவாமல் காப்பதற்குத்தான் குமிழ். அகலமான போர்வைக்கு வளையும் குழாய்க் கயிறு பூட்டிய கொக்கிகளும் கிடைக்கின்றன.

பருமன் விஷயத்தில் கடைக்காரர் சொல்வதைக் கேட்க வேண்டாம். நூற்கட்டின் மேல் அச்சிட்டிருக்கும் அளவு சாதாரணப் பின்னலுக்கானது. அதில் 4 மில்லிமீட்டர் என்றிருந்தால், துனிஸியப் பின்னலுக்கு ஐந்தரை அல்லது 6 மில்லிமீட்டர் கொக்கி எடுக்க வேண்டும். மெல்லிய கொக்கியால் பின்னிய துணி பலகை போல விறைத்துக் கொள்ளும். பழகுவதற்கு நடுத்தரப் பருமனுள்ள, வெளிர் நிறமான, வழவழப்பில்லாத நூலே உத்தமம். கறுப்பு நூலும் மயிர் பறக்கும் நூலும் ஆரம்பத்தில் ஆகா; கண்ணிகளைக் கண்ணால் பார்க்க முடியாமற் போனால் எண்ணுவது எப்படி? நமது சமவெளி ஊர்களின் வெயிலுக்குப் பருத்தி நூலே போதும். கம்பளி வேண்டுமானால் மலைப் பிரதேசத்து உறவினருக்காக இருக்கட்டும்.

இந்த வித்தையின் ரகசியம் முழுவதும் ஒரே வாக்கியத்தில் அடங்கும்: ஒரு வரிசைக்கு இரண்டு நடை உண்டு. வலமிருந்து இடமாகப் போகும்போது கண்ணிகளை வாரிக் கொண்டு போகிறோம். இடமிருந்து வலமாகத் திரும்பும்போது அவற்றை ஒவ்வொன்றாக இறக்கிவிட்டு வருகிறோம். முன்னதைப் போக்கு என்றும் பின்னதை வரவு என்றும் வைத்துக் கொள்வோம். குடும்பக் கணக்கில் வரவுக்குப் பின்தான் செலவு இருக்க வேண்டும் என்பார்கள். இங்கே முதலில் போய்விட்டுத்தான் வர வேண்டும். துணியை ஒருபோதும் திருப்புவதில்லை. அதன் முகம் எந்நேரமும் நம்மைப் பார்த்தபடியே இருக்கும்.

முதலில் 16 சங்கிலிகள் போட்டுக் கொள்ளுங்கள். சற்றுத் தளர்வாகவே இருக்கட்டும். கொக்கியின்மேல் இப்போதிருக்கும் கண்ணி, முதற் கண்ணியாகக் கணக்கில் சேர்ந்துவிட்டது. ஆகவே கொக்கியிலிருந்து இரண்டாவது சங்கிலிக்குள் கொக்கியை விட்டு, நூலைச் சுற்றி, ஒரு கண்ணியை வெளியே இழுத்து, கொக்கியிலேயே விட்டுவிடுங்கள். சங்கிலியைப் புரட்டிப் பார்த்தால் முதுகில் முண்டுமுண்டாகத் தெரியும். அந்த முண்டுகளுக்குள் கொக்கியை விட்டு எடுத்தால் துணியின் அடி விளிம்பு அழகாக அமையும். இப்படியே ஒவ்வொரு சங்கிலியிலும் ஒன்று எடுத்துச் சென்றால், இடக்கோடியை அடையும்போது கொக்கியில் 16 கண்ணிகள் இருக்க வேண்டும். எண்ணிப் பாருங்கள். போக்கு முடிந்தது.

இனி வரவு. நூலைச் சுற்றி ஒரே ஒரு கண்ணியின் வழியாக இழுங்கள். இந்த முதல் இழுப்பு மட்டும் ஒற்றை. துணியின் இடது ஓரத்துக்கு உயரம் தருவது இதுதான். அதன்பின் நூலைச் சுற்றி இரண்டு கண்ணிகளின் வழியாக இழுங்கள், மீண்டும் இரண்டு, மீண்டும் இரண்டு. இவ்விதம் 15 தடவை இழுத்தால் கொக்கியில் ஒரே கண்ணி மிஞ்சி நிற்கும். அது அடுத்த வரிசையின் முதற் கண்ணி.

இப்போது துணியை உற்றுப் பாருங்கள். ஜன்னல் கம்பிகள் போல் நெட்டாகச் சில நூல்கள் வரிசையாக நிற்பது தெரியும். கொக்கிக்கு நேர் கீழே நிற்கும் முதல் நெட்டு நூலைத் தொடாமல் விட்டு, இரண்டாவதன் அடியில் வலமிருந்து இடமாகக் கொக்கியை நுழைத்து, நூலைச் சுற்றி ஒரு கண்ணி எடுங்கள். அடுத்ததிலும் அப்படியே. கடைசி நெட்டு நூல் மட்டும் தனிக் கவனத்துக்குரியது. ஓரத்தில் அதற்குப் பின்னால் அதை ஒட்டியே இன்னொரு நூல் ஓடுவதைக் காணலாம். இரண்டையும் சேர்த்துக் கொக்கியில் எடுக்க வேண்டும். திரும்பவும் 16. பிறகு முன்போலவே வரவு. இதற்குத்தான் 'எளிய தையல்' என்று பெயர். எல்லா வரிசையும் இதுவே.

பழகுகிறவர்களைத் திணற வைப்பது கையல்ல, இரண்டு ஓரங்கள். சதுரமாகத் தொடங்கியது பத்து வரிசைக்குள் வாழைப்பூ மடல் போல் ஒடுங்குவதும், சிலரிடத்தில் விசிறி போல் விரிவதும் வெகு சாதாரணம். ஒடுங்கினால், இடக்கோடியில் கடைசிக் கண்ணி விட்டுப் போயிற்று என்று பொருள். ஓரத்து நூல் துணிக்குள் மடங்கி ஒளிந்து கொள்வதால் அது கண்ணுக்குத் தப்பிவிடுகிறது. விரிந்தால், வலக்கோடியில் விட வேண்டிய முதல் நெட்டு நூலையும் எடுத்திருக்கிறோம். இரண்டும் ஒரே துணியில் நேர்வதும் உண்டு. அப்போது எண்ணிக்கை சரியாக இருக்கும், துணி மட்டும் ஒரு பக்கமாகச் சாய்ந்து கொண்டே போகும். இதனால்தான் எண்ணிக்கையோடு கண்ணும் வேண்டும் என்கிறோம். இடது ஓரத்தில் கட்டைவிரலால் துணியைச் சிறிது திருகிப் பார்த்தால், அடுக்கி வைத்த சங்கிலி போல இரட்டை நூல் தெரியும். அது மேலிருந்து கீழ்வரை அறுபடாமல் ஓடினால் வேலை சுத்தம்.

ஆரம்பக்காரர்களுக்கு இதில் ஒரு பெரிய ஆறுதலும் இருக்கிறது. ஊசிப் பின்னலில் ஒரு கண்ணி நழுவினால், ஏணிப்படி இறங்குவது போல வரிசை வரிசையாகக் கீழே அவிழ்ந்து போகும். இங்கே ஒவ்வொரு வரிசையும் வரவு நடையில் பூட்டப்பட்டுவிடுவதால், நழுவிய கண்ணி தன் வரிசையைத் தாண்டி இறங்காது. பிழை கண்டால் நூலைப் பிடித்து இழுத்தால் போதும்; முதலில் வரவு அவிழும், பிறகு போக்கு. வேண்டிய இடத்தில் நிறுத்திக் கொள்ளலாம்.

எளிய தையல் கைவந்தபின் மற்றவை விரைவில் வரும். நெட்டு நூலின் அடியில் நுழைக்காமல், அதன் முன் நூலுக்கும் பின் நூலுக்கும் இடையே, துணியின் மறுபுறம் வரை கொக்கியைச் செலுத்திக் கண்ணி எடுத்தால், ஸ்வெட்டரில் காண்பது போன்ற அம்புமுனை வரிசை கிடைக்கும். பார்த்தவர்கள் ஊசிப் பின்னல் என்றே சாதிப்பார்கள். புரட்டிப் பார்த்தால்தான் குட்டு வெளிப்படும். கனமும் சற்று அதிகம். நூலை முதலில் துணியின் முன்புறமாகக் கொண்டுவந்து வைத்துக்கொண்டு, பிறகு எளிய தையல் போலவே எடுத்தால் சிறு மணிகள் கோத்தது போன்ற வரிசை அமையும். பின்புறத்து நெட்டு நூலில் எடுப்பது மற்றொரு வகை. இரண்டு நெட்டு நூல்களுக்கு நடுவிலுள்ள சந்தில் எடுப்பது இன்னொன்று. இதில் மட்டும் ஒரு வரிசையில் முதற் சந்தையும் அடுத்த வரிசையில் கடைசிச் சந்தையும் மாற்றி மாற்றி விட்டுவிட வேண்டும், இல்லாவிட்டால் எண்ணிக்கையும் ஓரமும் ஒருங்கே கெடும். கொக்கி நுழையும் இடத்தை மாற்றுவதிலேதான் இத்தனை வித்தியாசமும் பிறக்கிறது. வரவு நடை எல்லாவற்றுக்கும் ஒன்றே.

வர்ணம் மாற்றுவது வெகு சுலபம். வரவின் முடிவில் கொக்கியில் இரண்டு கண்ணிகள் எஞ்சும்போது பழைய நூலை விட்டுப் புதிய நூலால் இழுத்தால், அடுத்த வரிசை முழுவதும் புது நிறம். போக்குக்கு ஒரு நிறமும் வரவுக்கு ஒரு நிறமும் வைத்துப் பின்னினால் இரண்டும் கலந்த ஒரு மங்கலான அழகு உண்டாகிறது. எளிய தையலின் கட்டங்கள் ஏறக்குறையச் சதுரமாக இருப்பதால், அவற்றின்மேல் குறுக்குத் தையல் போட்டுப் பூக்களும் எழுத்துக்களும் அமைக்கலாம். கோல நோட்டு வைத்திருக்கும் பெண்களுக்கு இது சொல்லாமலே விளங்கும்.

இனி, இந்தப் பின்னலின் பிரசித்தமான துர்க்குணத்தைச் சொல்ல வேண்டும். இது சுருளும். நான்கைந்து வரிசை ஆவதற்குள் அடி விளிம்பு பாய் சுருட்டுவது போல முன்புறமாக மேலே சுருண்டு வரும். முன்பக்கத்தைவிடப் பின்பக்கத்தில் நூல் அதிகம் தங்குவதுதான் காரணம். இதைக் கண்டு கைவேலையையே தூக்கிப் போட்டவர்கள் பலர். பரிகாரம் இல்லாமலில்லை. பெரிய கொக்கி எடுப்பது முதற் பரிகாரம். வரவு நடையில் நூலை இறுக்காமல் விடுவது இரண்டாவது. முதல் இரண்டு மூன்று வரிசைகளை மணித் தையலாகவோ பின் நூல் தையலாகவோ போட்டுவிட்டால் சுருளல் வெகுவாகக் குறையும். முடிந்தபின் சுற்றிலும் சாதாரணக் குரோஷாவில் கரை கட்டலாம். மிச்சத்தைத் தண்ணீர் பார்த்துக் கொள்ளும்: துணியை நனைத்து, முறுக்காமல் துண்டில் வைத்து அழுத்தி ஈரம் போக்கி, தலையணை மீதோ பாய் மீதோ ஓரங்களில் குண்டூசி குத்திச் சதுரமாக விரித்து, நிழலில் உலரவிட வேண்டும். கம்பளிக்கு வெதுவெதுப்பான நீர் போதும், வெந்நீர் கூடாது.

மற்றொரு குறை, நூல் அதிகம் பிடிக்கும். ஆனால் அடர்த்தியும் வெதுவெதுப்பும் அதனால் வருபவையே. குழந்தைப் போர்வை, தோள் சால்வை, கைப்பை, அடுப்பிலிருந்து பாத்திரம் இறக்கும் பிடிதுணி முதலியவற்றுக்கு ஏற்றது. மெல்லிய ரவிக்கைக்கு ஏற்றதன்று. பெரிய துணியாக வளர்ந்தபின் முழு வரிசையும் கொக்கியில் தொங்குவதால் மணிக்கட்டு வலிக்கும். துணியை மடிமேல் கிடத்திக் கொண்டு, கொக்கியைக் கத்தி பிடிப்பது போல மேலிருந்து பிடித்துப் பின்னுவதே சுகம்.

போர்வை என்றவுடன் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கத் தோன்றுகிறது. அகலம் 30 அங்குலம், நீளம் 36 அங்குலம் உள்ள ஒரு குழந்தைப் போர்வை; அங்குலத்துக்கு 4 கண்ணிகள், 3 வரிசைகள் என்று கொள்வோம். 120 கண்ணிகள் கொண்ட 108 வரிசைகள். மொத்தம் 12,960 கண்ணிகள். ஒவ்வொன்றையும் போகும்போது ஒரு தரமும் வரும்போது ஒரு தரமும் தொட வேண்டுமாதலால் 25,920 அசைவுகள். நிமிஷத்துக்கு 20 வீதம் ஓயாமல் பின்னினாலும் இருபத்தொன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். இப்போர்வையை ஒரு பெண் 500 ரூபாய்க்கு விற்கிறாள் என்றால், நூலை யாரோ இனாமாகக் கொடுத்திருந்தாலுங்கூட, மணிக்கு 23 ரூபாய்தான் அவள் கூலி.

இது வெறும் கற்பனைக் கணக்கன்று என்பதற்கு நம் அண்டை மாகாணத்திலேயே அத்தாட்சி இருக்கிறது. ஆந்திரத்தில் மேற்குக் கோதாவரி ஜில்லாவைச் சேர்ந்த நரசாப்பூர்ப் பக்கத்தில், பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாதிரிமார் குடும்பங்கள் கற்றுக் கொடுத்த குரோஷா லேஸ் வேலை, ஆயிரக்கணக்கான பெண்களின் கைத்தொழிலாக வளர்ந்தது. அது துனிஸிய வகையன்று, சாதாரணக் குரோஷா. ஆனால் கை ஒன்றுதான், உழைப்பும் ஒன்றுதான். ஜெர்மானிய அறிஞர் மரியா மீஸ் அங்கே சென்று ஆராய்ந்து 1982-ல் ஒரு நூல் வெளியிட்டார். நாளெல்லாம் பின்னி வெளிநாட்டுச் சந்தைக்குச் சரக்கு அனுப்பிய அப்பெண்களைத் தொழிலாளிகள் என்று எவரும் கருதவில்லை. வீட்டுப் பெண்கள் ஓய்வு நேரத்தில் செய்யும் பொழுதுபோக்கு என்றே வியாபாரிகள் கணக்கிட்டு, அதற்கேற்ற அற்பக் கூலியைக் கொடுத்தனர் என்பது அவர் எடுத்துக் காட்டிய உண்மை. 2024-ல் நரசாப்பூர் லேஸுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. சரக்கின் பெயருக்குக் காப்பு வந்துவிட்டது. விரல்களின் கூலிக்கும் ஒரு காப்பு வந்தால் நாம் இன்னும் அதிகமாகச் சந்தோஷப்படுவோம்.

ஆலைகளில் 'குரோஷா இயந்திரம்' என்று ஒன்று ஓடுகிறதே என்று சிலர் கேட்கலாம். அது பெயரளவில்தான் குரோஷா. பாவு நூல்களைப் பிணைத்து நாடாவும் ஜரிகைக் கரையும் செய்யும் வேறு இனத்துப் பின்னல் இயந்திரம் அது. கடையில் உண்மையான குரோஷா மேற்சட்டை ஒன்று மலிவாகத் தொங்கினால், அதை எங்கோ ஒருவருடைய கை கண்ணி கண்ணியாகப் பின்னியிருக்கிறது என்றே வைத்துக் கொள்ளலாம். தாமே ஒரு சதுரம் பின்னிப் பார்த்தவர்கள் அந்த விலைச் சீட்டை வேறு கண்ணால் படிப்பார்கள்.

ஆங்கிலப் புத்தகம் பார்த்துப் பழக விரும்புவோருக்கு ஓர் எச்சரிக்கை. சாதாரணக் குரோஷாவில் அமெரிக்கர் 'சிங்கிள்' என்பதைப் பிரிட்டிஷார் 'டபிள்' என்பார்கள். எந்த நாட்டுப் புத்தகம் என்று முதலில் பார்த்துக் கொள்வது நலம். துனிஸியத் தையல்களின் பெயரில் இத்தொல்லை குறைவு. இடது கைப் பழக்கமுள்ளவர்கள் எல்லாவற்றையும் கண்ணாடியில் பார்ப்பது போல மாற்றிக் கொள்ள வேண்டும். போக்கு இடமிருந்து வலம், வரவு வலமிருந்து இடம்.

துணியை முடிக்கும் விதம் வருமாறு. கடைசி வரிசையில் கண்ணிகளைக் கொக்கியில் சேர்க்காமல், நெட்டு நூலின் அடியில் நுழைத்து நூலைச் சுற்றி இழுக்கும்போதே கொக்கியிலுள்ள கண்ணியின் வழியாகவும் ஒரே இழுப்பாக இழுத்துவிட வேண்டும். கடைசி வரை இப்படிச் சென்றால் மேல் விளிம்பு சங்கிலி போலப் பூட்டிக்கொள்ளும். இதை இறுக்கிவிட்டால் துணி மேலே சுருங்கி நிற்கும். ஆகவே கை சற்றே தளர்ந்திருக்கட்டும். பிறகு ஆறு அங்குலம் விட்டு நூலை வெட்டி, மொட்டை ஊசியில் கோத்து, பின்பக்கத்துப் படுக்கை நூல்களுக்குள் போகவிட்டு மறைத்துவிடுங்கள். முதற் சதுரத்தைப் பிரித்து நூலை மீட்க வேண்டாம். எந்த நூல், எத்தனை மில்லிமீட்டர் கொக்கி என்று ஒரு காகிதத் துண்டில் எழுதி அதன் மூலையில் குத்தி வைத்தால், போர்வைக்கு எத்தனை கண்ணிகள் வேண்டும் என்று கணக்கிடும் நாளில் அளந்து பார்க்க அதுவே உதவும்.